முழங்காலில் நின்று கத்திய வார்த்தை

7

“ஜெபம் ஆரம்பிச்சதும் நான் கண்ண மூடிட்டேன்” என்றார் தபால்காரர் நிக்கோ ப்ரெஹோ.

“நானும்தான்” என்றாள் ரொட்டி வண்டி ஓட்டும் தெல்மா.

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். இந்தத் தீவில் ஹாரோ என்ற கூப்பாடு செல்லுபடியாக இரண்டு சாட்சிகள் வேண்டும். எங்களுக்கும் சரியாக இரண்டு பேர் கிடைத்திருந்தார்கள். இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு சாட்சி பார்த்தவர்கள்.

“பரலோகத்திலிருக்கிற எங்கள் பிதாவேன்னு சொல்றப்போ கண்ணத் தொறந்து வச்சிருக்க நான் என்ன பாதிரியாரா?” என்று நிக்கோ என்னைப் பார்த்து முறைத்தார்.

“சரி, விடு வில்ஃப்” என்றார் மிஸ் கெரிப்பெல்.

மிஸ் ரேச்சல் கெரிப்பெல் என் முதலாளி. கோர்ட் பதிவு அறையில் முப்பது வருஷம் டைப் அடித்துவிட்டு, ஊரார் பொய்களையெல்லாம் மூன்று நகல் எடுத்து அலுத்துப்போய், துப்பறியும் தொழிலுக்கு வந்தவர். நான் வில்ஃப் டோரோட். அவருக்கு வேன் ஓட்டுவேன், பெட்டி தூக்குவேன், கேட்காதபோது கருத்தும் சொல்வேன். சம்பளம் முதல் இரண்டுக்கு மட்டும்தான்.

நாங்கள் உட்கார்ந்திருந்தது எஸ்தர் ரிஹோயின் சமையலறையில். எஸ்தருக்கு முப்பது வயது. இரண்டு பசு, பத்துக் கோழி, கடல் பக்கம் சாய்ந்த ஒரு வயல். அந்த வயலின் ஓரத்தில் ஓர் ஊற்று. அதுதான் எல்லா வம்புக்கும் காரணம்.

செவ்வாய்க்கிழமை காலையில், ரோட்டுப் பக்கம் அடுத்த வயலுக்குச் சொந்தக்காரரான எலிஷா வோதின், ஊற்றை மூடிவிட்டு மேலே தக்காளிக்குக் கண்ணாடிக் கொட்டகை போட ஆட்களைக் கூட்டி வந்தார். எல்லைக்கல் ஊற்றுக்குக் கடல் பக்கத்தில் நின்றது. ஆகவே ஊற்று தன்னுடையது என்றார். எஸ்தர் ஓடிப்போய்த் தலை முக்காட்டை அவிழ்த்து எறிந்து, சேற்றில் முழங்கால் போட்டு, கை கூப்பிக் கத்தினாள்: “ஹாரோ! ஹாரோ! ஹாரோ! என் துணைக்கு வா, பிரபுவே! எனக்குத் தோர் செய்கிறார்கள்!” அப்புறம் பிரெஞ்சில் ஜெபம். ஆயிரம் வருஷமாக நார்மண்டி வழிவந்த எங்கள் சட்டம் அது. அந்தக் கூப்பாடு காதில் விழுந்தால் மண்வெட்டி அந்தரத்தில் நிற்க வேண்டும், கோர்ட் வந்து பார்க்கும்வரை.

கோர்ட் இன்று மூன்று மணிக்கு வயலுக்கே வருகிறது; ஜூரட்டுகள் என்பார்கள் அந்த நீதிமான்களை. ஹாரோ நியாயமானது என்று தெரிந்தால் ஊற்று அவளுக்கு. வீணான ஹாரோ என்று தெரிந்தால் ஊற்றும் போச்சு, அபராதமும் உண்டு. ஊற்று போனால் பசு போச்சு. பசு போனால் அவள் மறுபடியும் இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட் பஞ்சாலைக்குக் கப்பலேற வேண்டியதுதான்.

“அந்தக் கல்லு முன்னாடி அங்க இல்ல, மிஸ்” என்றாள் எஸ்தர். நூறாவது தடவை சொல்கிறவளின் குரல் அது. “ஊத்து எங்களோடது. கல்லு ஊத்தத் தாண்டி, ரோட்டுப் பக்கம் எங்கயோ இருந்துச்சு. எங்கேன்னு கேட்டா எனக்குத் தெரியல. ஜெர்மன்காரன் வர்றான்னு கப்பல்ல ஏத்தி அனுப்புறப்போ எனக்குப் பதினாலு வயசு. கல்லையா பாத்துட்டுப் போவேன்? அப்பாவுக்குத் தெரியும். அவர் இங்கிலாந்துலயே போய்ச் சேந்துட்டார்.”

கதவு தட்டப்பட்டது. வந்தவர் சாட்சாத் எலிஷா வோதினேதான். அறுபத்திரண்டு வயது, ஞாயிற்றுக்கிழமை கோட்டு, கையில் தொப்பி. சர்ச்சில் காணிக்கைத் தட்டு ஏந்துகிறவர் என்பது நடையிலேயே தெரியும்.

“எஸ்தர் பொண்ணே, எதுக்கு இந்தப் பிடிவாதம்?” என்றார். “கூப்பாட்ட வாபஸ் வாங்கிடு. ஊத்த நான் மூடல. காலையில ரெண்டு வாளி, சாயங்காலம் ரெண்டு வாளி எடுத்துக்க. எழுத்துலயே தரேன்.”

“என் தண்ணிய எனக்கே அளந்து தர்றீங்களா?”

“கல்லு எங்க இருக்கோ அங்கதான் எல்லை. இல்ல, வேற எடம்னா மூணு மணிக்கு ஜூரட்டுங்ககிட்ட நீயே காட்டு. இதோ, இங்கதான்னு வெரல நீட்டிக் காட்டு பாப்போம்.”

எஸ்தரால் காட்ட முடியாது. அது அவருக்குத் தெரியும், அவருக்குத் தெரியும் என்பது எங்களுக்கும் தெரியும். எனக்கு அந்த மனுஷனின் தொப்பியைப் பிடுங்கிப் பசுவுக்குப் போடலாமா என்று இருந்தது.

“வெளிய போங்க” என்றாள் எஸ்தர்.

“யோசிச்சு...”

“ரெண்டு வாளி தண்ணிக்கு நான் கும்பிடு போடணும்னா, அந்தச் சேத்துல முழங்கால் போட்டது எதுக்கு? போங்க.”

அவர் போனதும் நிக்கோ தபால் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். தெல்மாதான் வாசலில் நின்று திரும்பினாள்.

“ஒண்ணு சொல்லட்டுமா மிஸ்? நாங்க கண்ண மூடினோம். அந்த உல்லாசப் பயணி மூடல. சந்துல சைக்கிள நிறுத்திட்டுப் படம் புடிச்சுக்கிட்டு இருந்தான்.”

மிஸ் கெரிப்பெல் டீக் கோப்பையைக் கீழே வைத்தார். “யாரு?”

“அரைக்கால் சட்டை. வெயில்ல முழங்கால் ரெண்டும் வெந்த நண்டு மாதிரி இருந்துச்சு.”

“இத ஏம்மா முன்னாடியே சொல்லல?” என்றேன்.

“ரொட்டி எத்தனைன்னுதான நீ கேட்ட?”

மணி பத்து. நாங்கள் வேனில் ஏறினோம்.

* * *

எங்கள் தோர்த்தவலிலிருந்து பீட்டர் போர்ட் நகரத்துக்கு இருபது நிமிஷம், எதிரில் டிராக்டர் வராவிட்டால். எதிரில் இரண்டு டிராக்டர் வந்தன.

“மிஸ், ஒரு சந்தேகம்” என்றேன், வேலியில் கண்ணாடி உரச ஒதுங்கியபடியே. “சின்ன வயசுல கோலிய எவனாவது புடுங்கினா நாங்களும் ஹாரோன்னு கத்துவோம். எனக்குத் தோர் பண்றாங்கன்னு தொண்ட கிழியக் கத்துவோம். தோர்னா என்னன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.”

“முறுக்கினது” என்றார்.

“எத?”

“எதையும். லத்தீன்ல அதான் அர்த்தம். நேரா இருந்தத ஒருத்தன் முறுக்கிட்டான், கோணலாக்கிட்டான். நார்மண்டிக்காரங்க அந்த வார்த்தைய இந்தத் தீவுக்குக் கொண்டு வந்தாங்க. அப்புறம் இங்கிலாந்தப் புடிச்சப்போ அங்கயும் எடுத்துட்டுப் போனாங்க. லண்டன் வக்கீலுங்க இன்னிக்கும் அதைத்தான் டார்ட்டுன்னு சொல்றாங்க. அலமாரி அலமாரியா புஸ்தகம் இருக்கு.”

“திருட்டுன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே?”

“திருட்டுன்னா போலீஸ் வரும், ஜெயில் வரும். அது ராணிக்கும் திருடனுக்கும் நடுவுல. இது அப்படி இல்ல. ஒரு மனுஷன் இன்னொரு மனுஷனுக்குப் பண்ணினது. போலீஸ்காரர் தொப்பியக்கூடத் திருப்ப மாட்டார். பட்டவங்கதான் எழுந்து நின்னு கேக்கணும். முறுக்கினவன்தான் நிமுத்தித் தரணும்.”

“என் மச்சான் மூணு வருஷமா என் ஏணிய வச்சிருக்கான். அது தோரா?”

“அது உன் சோம்பேறித்தனம்.”

“தேங்க்ஸ் மிஸ்.”

“நம்ம ஊர்ப் பேர்லயே அது இருக்கு, தெரியுமா? தோர்த்தவல். முறுக்கிக்கிட்டுப் போற பள்ளத்தாக்கு.”

“பள்ளத்தாக்குமேல யார் கேஸ் போடுறது?”

“ரோட்டப் பாத்து ஓட்டு, வில்ஃப்.”

பிலிம் கழுவித் தருகிற மருந்துக் கடை நகரத்தில் மேட்டுத் தெருவில் இருக்கிறது. கடைக்காரர் எங்கள் கேள்வியைக் கேட்டதும் உதட்டை இறுக்கிக்கொண்டார்.

“அடுத்தவங்க போட்டோவ நான் காட்டுறது இல்ல.”

“நீங்க காட்ட வேணாம்” என்றார் மிஸ் கெரிப்பெல். “நண்டு கலர்ல முழங்கால் இருக்கிற ஆளுக்கு என்ன களிம்பு குடுத்தீங்க? அத மட்டும் சொல்லுங்க.”

மருந்துக் கடைக்காரரின் முகம் மலர்ந்தது. தொழில் பெருமை. “கேலமைன், பெரிய பாட்டில். ஐயோ பாவம், லெஸ்டர்ல வெயிலே கிடையாதாம். காலையிலதான் போட்டோவோட சேத்து வாங்கிட்டுப் போனார். பதினொன்றரை கப்பல்ல ஊருக்குப் போறார்னு...” என்றவர் சட்டென்று நிறுத்தினார்.

“ரொம்ப நன்றி” என்று சொல்லும்போதே மிஸ் கெரிப்பெல் வாசலுக்குப் போய்விட்டார்.

மணி பதினொன்றே கால். துறைமுகத்தில் தக்காளிப் பெட்டி ஏற்றும் லாரிகள் வரிசையாக நின்று வழியை மறித்திருந்தன. வேனை நடுவில் போட்டுவிட்டு ஓடினேன். பின்னால் ஒரு லாரிக்காரன் என் குடும்பத்தை நாலு தலைமுறைக்கு விசாரித்தான். படிக்கட்டின் அடியில் ஒரு மனிதர் பெட்டியோடு நின்றிருந்தார். முழங்கால் இரண்டிலும் வெள்ளையாகக் களிம்பு.

“சார்! தோர்த்தவல்ல ஒரு பொண்ணு முழங்கால் போட்டுக் கத்தினத நீங்க படம் புடிச்சீங்களா?”

அவர் முகம் முழங்காலின் நிறத்துக்கு வந்தது. “நான் தப்பா நெனச்சுப் புடிக்கல. அந்தம்மாவுக்கு ஏதோ வலிப்புன்னு நெனச்சேன். அப்புறம் பாத்தா ஜெபம் பண்றாங்க. ஜெபம் பண்றவங்களப் போய்ப் படம் புடிச்சிட்டியேன்னு என் வீட்டுக்காரி ரெண்டு நாளா என்கூடப் பேசல.”

“பேசாதது இன்னிக்கும்தான்” என்றாள் பக்கத்தில் நின்ற அம்மாள்.

மூச்சு வாங்க வந்து சேர்ந்த மிஸ் கெரிப்பெல், அந்த அம்மாளைப் பார்த்தே பேசினார். “உங்க வீட்டுக்காரர் புடிச்ச படம் அந்தப் பொண்ணோட வீட்டக் காப்பாத்தலாம்மா. கொடுக்க முடியுமா?”

அந்த அம்மாள் கணவனின் சட்டைப் பையில் கையை விட்டு, உறையை எடுத்து, ஒரே படத்தை உருவி நீட்டினாள். “நெகட்டிவும் இருக்கு, எடுத்துக்குங்க. எங்க வீட்ல இது வேணாம்.” கப்பல் ஊதியது. அவர்கள் ஏறிப் போனார்கள். மேல்தட்டில் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். தீவில் அன்று நடந்த முதல் நல்ல காரியம் அது.

* * *

துறைமுகச் சுவரில் படத்தை வைத்து இரண்டு பேரும் குனிந்தோம். உள்ளங்கை அகலப் படம். தெற்கே சந்திலிருந்து எடுத்தது. ஊற்றங்கரையில் எஸ்தர் முழங்காலில் இருக்கிறாள், தலை வெறுமையாக, வாய் திறந்து. படத்தின் இடது பக்கம், கடலைப் பார்த்து, எல்லைக்கல் தெளிவாக நிற்கிறது.



“போச்சு மிஸ்” என்றேன். “கல்லு அவன் சொன்ன எடத்துலதான் நிக்குது. ஊத்து அவன் பக்கம். இத ஜூரட்டுங்ககிட்ட குடுத்தா, எஸ்தருக்கு நாமளே கப்பல் டிக்கெட் வாங்கிக் குடுத்த மாதிரிதான்.”

“கல்ல யாரு பாக்கச் சொன்னா? கல்ல அவன் எப்பவோ மாத்தி நட்டுட்டான். மனுஷங்களப் பாரு.”

பார்த்தேன். கண்ணாடி பொருத்த பர்மிங்காமிலிருந்து வந்த வேலையாட்கள் இரண்டு பேர். ஒருவன் ஊற்றுக்குப் பக்கத்திலேயே தள்ளுவண்டியின்மேல் உட்கார்ந்து சிகரெட் பற்றவைக்கிறான். இன்னொருவன் மண்வெட்டியில் சாய்ந்து வேடிக்கை பார்க்கிறான். வேலை நின்றுபோன சந்தோஷம் இருவர் முகத்திலும்.

“வோதின் எங்க?”

வலது ஓரத்தில், ரோட்டுப் பக்கம், ஊற்றிலிருந்து ஓர் இருபதடி தள்ளி எலிஷா வோதின் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்கிறார். தொட்டால் அரிக்கும் இடுப்பளவு காஞ்சொறிச் செடிக்குள். அவருக்குப் பின்னால் அவர் தம்பி மகன், அவனும் செடிக்குள். அவனுக்கும் பின்னால் குதிரை வண்டி, ஒரு சக்கரம் சகதியில் பாதி இறங்கி நிற்கிறது.

“காஞ்சொறிக்குள்ள போய் ஏன் நிக்கிறார்? பக்கத்துலயே காஞ்ச பாதை இருக்கே” என்றேன்.

“நீ இந்த ஊர்க்காரன்தான? ஹாரோ கேட்டா நீ என்ன பண்ணுவ?”

“கூப்பிட்டவங்க மண்ணவிட்டு எறங்கிடுவேன். ஒரு கால் உள்ள இருந்தாலும் பெரிய குத்தம்னு எங்கப்பா சொல்லிச் சொல்லி வளத்தார். எங்க ஊர்ல யாரும்...”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் கண் படத்தின் வலது ஓரத்துக்குப் போனது.

“கூப்பிட்டவங்க மண்ண விட்டு” என்று மிஸ் கெரிப்பெல் நிதானமாகத் திருப்பிச் சொன்னார். “அவன் சொல்றபடி பாத்தா அவன் நின்னது அவன் மண்ணு. நகர வேண்டிய அவசியமே இல்ல. எஸ்தர் எல்லை எதுன்னு சொல்லவும் இல்ல, அவளுக்கே தெரியாது. அப்போ எதுலேருந்து எறங்கி அங்க போய் நின்னான்?”

கீழே கிடந்த ஒரு தக்காளிப் பெட்டியின் நேரான மரச் சிம்பை எடுத்துப் படத்தின்மேல் வைத்தார். படத்தின் பின்புறம், வயலின் வடக்கு மூலையில், ஆப்பிள் மரத்தடியில், இன்னோர் எல்லைக்கல் தெரிந்தது. அதில் யாருக்கும் தகராறு கிடையாது. அந்தக் கல், சகதியில் நின்ற வண்டிச் சக்கரம், தம்பி மகனின் பூட்ஸ், வோதினின் பூட்ஸ். சிம்பின் ஓரம் நாலையும் தொட்டது.

“பர்மிங்காம்காரனுக்கு நம்ம வழக்கம் தெரியாது, உக்காந்த எடத்துலயே உக்காந்துட்டான்” என்றார். “வோதினுக்குத் தெரியும். அடுத்தவ ஊத்தத் திருட மனசு வந்துச்சு. ஆனா ஹாரோ கேட்ட அப்புறம் அவ மண்ணுல கால் வைக்க மனசு வரல. கூப்பாடு காதுல விழுந்ததும் காலு தானா நடந்து போய் உண்மையான எல்லையில நின்னுடுச்சு. வண்டியையும் இழுத்து வெளிய விட்டுட்டான்.”

“யோக்கியமான திருடன்” என்றேன்.

“வேன எடு. லாரிக்காரன் உன்னத்தான் தேடுறான்.”

* * *

மூன்று மணிக்கு வயலில் கறுப்புக் கோட்டுகள் வந்து இறங்கின. ஜூரட்டுகள் மூன்று பேர். படித்த நீதிபதிகள் இல்லை, தீவே தேர்ந்தெடுத்து உட்காரவைத்த பெரிய மனிதர்கள். மூத்தவர் ஜூரட் தோஸ்தவன் வாழ்நாள் முழுக்க மாடு வளர்த்தவர், சாணியைச் சுற்றிப் போகாமல் மிதித்துக்கொண்டே வந்தார். பின்னால் பதிவுப் புத்தகத்தோடு குமாஸ்தா. வோதினும் அவருடைய வக்கீலும் ஊற்றுக்கு அப்பால் ரோட்டுப் பக்கம் நின்றார்கள்.

வக்கீல் இளைஞர், குரல் வழவழப்பு. “கனம் ஜூரட்டுகளே, விஷயம் ரொம்பச் சின்னது. கல் இங்கே இருக்கிறது. கல் இங்கே இல்லை என்கிறார் இந்த அம்மாள். சரி, வேறு எங்கே? காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாவிட்டால் இது வீணான ஹாரோ.”

ஜூரட் தோஸ்தவன் திரும்பினார். “காட்டுறியாம்மா?”

எஸ்தர் ஊற்றின் ஓரத்தில் நின்றிருந்தாள். மிஸ் கெரிப்பெல் கொடுத்த படமும் சிம்பும் அவள் கையில் இருந்தன.

“எனக்குத் தெரியாதுங்க. நான் காட்ட மாட்டேன். அவர் ஏற்கெனவே காட்டிட்டார்.”

படத்தையும் சிம்பையும் நீட்டினாள். மூன்று ஜூரட்டுகளும் தலையைச் சேர்த்துக் குனிந்தார்கள். தோஸ்தவன் மூக்குக் கண்ணாடியை இரண்டு தடவை துடைத்தார். சிம்பை வைத்துப் பார்த்தார். நிமிர்ந்து ஆப்பிள் மரத்தைப் பார்த்தார், காஞ்சொறியைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

வக்கீல் எட்டிப் பார்த்துவிட்டு லேசாகச் சிரித்தார். “மனுஷன் எங்கேயாவது நின்றுதானே ஆக வேண்டும்? மரியாதைக்காகச் சற்று விலகி நின்றிருக்கிறார்.”

“மரியாதைக்கு நாலடி போதும் தம்பி” என்றார் தோஸ்தவன். “மரியாதைக்காக எவனும் வண்டிச் சக்கரத்தச் சகதில எறக்க மாட்டான். எலிஷா.”

வோதின் நிமிர்ந்தார்.

“இது உன் மண்ணுதான?”

“ஆமாங்க.”

“அப்படின்னா வா. வந்து இந்த ஊத்துப் பக்கத்துல, இந்தப் பொண்ணு நிக்கிற எடத்துல நில்லு. வேலை ஒண்ணும் செய்ய வேணாம். சும்மா நின்னுக்கிட்டு, இது என்னுதுன்னு சொல்லு. நான் எழுதிக்கிட்டு வீட்டுக்குப் போறேன்.”

வோதின் நடந்தார். நாலு எட்டு நன்றாகத்தான் வந்தார். ஐந்தாவது எட்டு காஞ்சொறி ஓரத்தில் வந்து நின்றுவிட்டது. வலது கால் கொஞ்சம் எழும்பியது, இறங்கியது. வக்கீல் கிட்டே வந்து அவர் காதில் ஏதோ சொன்னார். வோதின் அவர் கையைத் தட்டிவிட்டார். நான் எத்தனையோ பொய்யர்களைப் பார்த்திருக்கிறேன். வாய் சொன்னதைக் கால் கேட்காத மனுஷனை அன்றுதான் பார்த்தேன்.

“நாப்பத்து நாலு கடைசி குளிர்காலம்” என்றார் கடைசியில், யாரையும் பார்க்காமல். “என் கெணத்த ஜெர்மன் பட்டாளம் எடுத்துக்கிச்சு. தின்ன ஒண்ணும் இல்ல. மாட்டுக்குத் தண்ணிகூட இல்ல. ரிஹோய் வீடு பூட்டிக் கெடந்துச்சு. இனிமே இவங்க எங்க வரப் போறாங்கன்னு நெனச்சு, கல்லப் புடுங்கி மாத்தி நட்டேன். அப்புறம் இவ வந்தா. இன்னிக்கு மாத்திடலாம், நாளைக்கு மாத்திடலாம்னு...”

“பன்னெண்டு வருஷம்” என்றாள் எஸ்தர்.

பரிதாபமாகத்தான் இருந்தது. அந்தக் குளிர்காலத்தில் நானும் இங்கே இருந்தவன், முள்ளங்கித் தோலைத் தின்றவன். ஆனால் போர் முடிந்தும் பதினோரு வருஷம் ஆகிவிட்டது. மாடு தாகத்தில் இருந்தது வேறு, தக்காளிக்குக் கண்ணாடி போட நினைத்தது வேறு.

வக்கீல் சட்டென்று தொனியை மாற்றினார். கெட்டிக்காரர். “கனம் ஜூரட்டுகளே, என் கட்சிக்காரர் ஊற்றை விட்டுக்கொடுக்கத் தயார். போர்க்காலத்தில் எல்லை குழம்பிப் போனது என்று பதிவு செய்தால் போதும். யாருக்கும் மனக்கசப்பு வேண்டாம்.”

குமாஸ்தா பேனாவைத் தொட்டுக்கொண்டு, “போர்க்கால எல்லைக் குழப்பம்...” என்று எழுத ஆரம்பித்தார்.

“நிறுத்துங்க” என்றாள் எஸ்தர்.

எல்லாரும் திரும்பினோம். மிஸ் கெரிப்பெல்கூட.

“உனக்கு ஊத்துதான் கெடைச்சிடுச்சேம்மா” என்றார் வக்கீல்.

“ஊத்து என்னுதுதான், அது எனக்கு யாரும் குடுக்க வேணாம். நான் இந்தச் சேத்துல முழங்கால் போட்டு, ஊருக்கே கேக்குற மாதிரி எனக்குத் தோர் பண்றாங்கன்னு கத்தினேன். குழப்பம்னு கத்தல. நீங்க குழப்பம்னு எழுதினா, அப்போ நான் கத்தினது என்ன? வீணான ஹாரோவா? நாளைக்கு எவனாவது அந்தப் புஸ்தகத்தப் புரட்டிட்டு, ரிஹோய் பொண்ணு சும்மா கூச்சல் போட்டான்னு சொல்லட்டுமா?”

வோதின் முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தார். “எஸ்தர், நான் சர்ச்சுல தட்டு ஏந்துறவன். அந்த வார்த்தை வேணாம். புஸ்தகத்துல காலத்துக்கும் நிக்கும்.”

“நிக்கட்டும். கல்லு தானா நடந்துச்சா? நீ நட்ட. தெரிஞ்சுதான நட்ட? செவ்வாக்கெழமை எறங்கி நின்னப்போ தெரிஞ்சுதான நின்ன? நேரா இருந்தத நீ முறுக்கின. அதுக்கு நம்ம ஊர்ல ஒரு வார்த்தை இருக்கு. ஆயிரம் வருஷமா இருக்கு. நான் அதச் சொன்னேன். அவங்க அத எழுதணும்.”

இத்தனை வருஷம் நீங்க என்று கூப்பிட்ட மனுஷனை அவள் அன்று நீ என்றாள். யாரும் அவளைத் திருத்தவில்லை.

தோஸ்தவன் மற்ற இரண்டு ஜூரட்டுகளையும் பார்த்தார். இருவரும் தலையாட்டினார்கள். குமாஸ்தா எழுதியிருந்த வரியைக் குறுக்கே அடித்தார். தோர் என்று எழுதி, மை காய ஊதினார். எஸ்தர் கிட்டே போய்க் குனிந்து ஓர் எழுத்துவிடாமல் படித்துப் பார்த்தாள். சரி என்று தலையசைத்தாள். என் பக்கத்தில் மிஸ் கெரிப்பெல் மூக்கை உறிஞ்சினார். காஞ்சொறிப் பூ ஒத்துக்கொள்ளவில்லையாம்.

“கல்ல எடுத்துப் பழைய எடத்துல நடணும்” என்றார் தோஸ்தவன். “குமாஸ்தா, பையில டேப் இருக்கா? ஆப்பிள் மரத்துலேருந்து அளந்து பாத்து...”

“டேப் எதுக்குங்க?” என்றாள் எஸ்தர். “அவர நிக்கச் சொல்லுங்க.”

எலிஷா வோதின் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு காஞ்சொறிக்குள் நடந்துபோய் நின்றார்.